சுவருக்குப் பின்னால் போன பிறகும் குண்டு படுவது ஏன்?

ஐவர் ஒரு பக்கம், ஐவர் மறுபக்கம் என்று மோதும் ஆன்லைன் ஷூட்டர் விளையாட்டில் முதன்முதலாக இறங்குகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே மூன்று புகார்களைச் சொல்வார்கள். எதிரி எங்கிருந்து வந்தான் என்று தெரிவதற்குள் செத்துவிட்டேன். சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் குண்டு பட்டது. எல்லாருக்கும் என்னைவிடக் கை வேகம் அதிகம்.

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பெரும்பாலும் பிரமை. கவுன்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட், ஓவர்வாட்ச் என எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு மோதலில் யார் மிஞ்சுவார் என்பது பல நேரங்களில் மவுஸ் பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எப்படி முடிவாகிறது என்று புரிந்துகொண்டால், விரல் வேகம் துளிகூடக் கூடாமலே ஆட்டம் மேம்படும்.

திரையில் தெரிவது பழைய காட்சி

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர், அதாவது எல்லாருடைய ஆட்டத்தையும் நடத்தும் மையக் கணினி, 2,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், தகவல் போக 10 மில்லி விநாடி, திரும்பி வர 10. எவ்வளவு பணம் கட்டினாலும் இந்தக் கேபிளில் இதற்குக் கீழே போக முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல ரவுட்டர்கள் வேறு இருக்கின்றன. ஆகவே நடைமுறையில் இன்னும் கூடும். திரையின் ஓரத்தில் 'பிங்' என்று காட்டுகிற எண் இந்தப் போய்வரும் நேரம்தான்.

சர்வரும் உலகத்தை இடைவிடாமல் கணக்கிடுவதில்லை. விநாடிக்கு இத்தனை முறை என்று ஒரு தாளம் வைத்திருக்கிறது. அதற்கு 'டிக்' என்று பெயர். 64 டிக் என்றால் 15.6 மில்லி விநாடிக்கு ஒரு கணக்கு. 2020இல் வெளிவந்த வேலரன்ட்டின் 128 டிக் சர்வர்களில் அது 7.8 மில்லி விநாடி. 2023இல் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2, நீங்கள் சுட்ட நொடியையே தனியாகக் குறித்து அனுப்புகிறது. இரண்டு டிக்குகளுக்கு நடுவே சுட்டாலும் சுட்ட நேரம் சர்வருக்குத் தெரியும்.

இந்தத் தாமதம் ஒரு காலத்தில் ஆட்டத்தையே குலைத்துப்போட்டது. 1996இல் குவேக் என்ற ஷூட்டர் விளையாட்டு வெளியானபோது, மோடம் வழியாக விளையாடியவர்கள் முன்னே நகரும் கீயை அழுத்திவிட்டு, சர்வரிடமிருந்து பதில் வரும்வரை அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த குவேக்வேர்ல்ட் பதிப்பில் அதன் நிரலாளர் ஜான் கார்மாக் ஒரு வழி செய்தார். சர்வரின் அனுமதிக்குக் காத்திராமல் உங்கள் கணினியே உங்கள் பாத்திரத்தை உடனே நகர்த்திவிடும். சர்வர் பிறகு சரிபார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் சட்டென்று பின்னுக்கு இழுக்கப்படுவீர்கள். இன்றும் இணைப்பு மோசமாக இருக்கும்போது ஓடிய இடத்திலிருந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறோமே, அது இதுதான்.

உங்கள் பாத்திரத்தை இப்படி முன்கூட்டியே நகர்த்தலாம். எதிரியை நகர்த்த முடியாது, அவர் அடுத்து என்ன செய்வார் என்று உங்கள் கணினிக்குத் தெரியாது. அதனால் கடைசியாக வந்த இரண்டு தகவல்களுக்கு நடுவே அவரை வழுக்கிச் செல்வதுபோல வரைகிறது. அந்த நடுப்பகுதியை வரைய, காட்சியைக் கொஞ்சம் பின்தங்கியே ஓட்ட வேண்டும். ஆக, உங்களை நீங்கள் நிகழ்காலத்தில் பார்க்கிறீர்கள். மற்ற எல்லாரையும் இறந்தகாலத்தில் பார்க்கிறீர்கள்.

இப்போது சுவர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பிங் 40, எதிரியின் பிங் 80, அவர் கணினி காட்சியை 30 மில்லி விநாடி பின்தங்கி ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருக்கும் இடம் சர்வருக்குப் போக 20, அங்கிருந்து அவரிடம் போக 40, வரைவதில் 30. மொத்தம் 90 மில்லி விநாடிக்கு முந்தைய உங்களைத்தான் அவர் குறிவைக்கிறார். அவர் சுட்ட செய்தி சர்வரை எட்ட இன்னும் 40. அங்கே சர்வர் ஒரு வேலை செய்கிறது. கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி, சுட்டவரின் திரையில் அந்த நொடியில் நீங்கள் எங்கே தெரிந்தீர்களோ அங்கே உங்களை நிறுத்தி, குண்டு பட்டதா என்று பார்க்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின் பொறியாளர் யான் பெர்னியர் 2001இல் விரிவாக எழுதி வைத்த முறை இது. பட்டது என்று தீர்ப்பாகி, செய்தி உங்களிடம் வர 20. கூட்டினால் 150 மில்லி விநாடி. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால் அதற்குள் 75 சென்டிமீட்டர் உள்ளே போயிருப்பீர்கள். உங்கள் கண்ணுக்கு நீங்கள் சுவருக்குப் பின்னால் இருந்தீர்கள். சர்வரின் கணக்கில் வெளியே இருந்தீர்கள்.

இது அநியாயம் என்று தோன்றும். ஆனால் இப்படிச் செய்யாவிட்டால், ஒவ்வொருவரும் தன் பிங்குக்கு ஏற்ப எதிரிக்கு முன்னால் வெற்றிடத்தைக் குறிவைத்துச் சுட வேண்டியிருக்கும். சரியாகக் குறிவைத்தவருக்கே பலன் என்று சர்வர் முடிவெடுக்கிறது. என் பார்வையில் அது சரியான முடிவு. இதிலிருந்து கிடைக்கும் பாடமும் எளிது: கவருக்குள், அதாவது சுவர் போன்ற மறைவுக்குள் போகும்போது விளிம்பில் நிற்காதீர்கள், இரண்டடி உள்ளே போய்விடுங்கள். குண்டு பட்ட பிறகு ஓடலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

மூலையில் காத்திருப்பவருக்கு நேரும் நட்டம்

புதியவர்கள் பலரும் ஒரு மூலையைப் பார்த்தபடி அசையாமல் நிற்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மேலே போட்ட கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். பிங் 80 உள்ளவர் மூலையைத் தாண்டி வெளியே வருகிறார். நீங்கள் அசையாமல் நிற்பதால், அவர் கணினியில் உங்கள் இடம் ஏற்கெனவே இருக்கிறது. எட்டிப் பார்த்தவுடனே உங்களைக் காண்கிறார். அவர் வெளியே வந்த செய்தி உங்கள் திரைக்கு வர 40, 20, வரைய 30 என்று 90 மில்லி விநாடி ஆகிறது. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி தேவை. அந்தப் போட்டியில் 90 என்பது மிகப் பெரிய முன்னிலை. இதைத்தான் ஆட்டக்காரர்கள் 'பீக்கர்ஸ் அட்வான்டேஜ்' என்கிறார்கள். நீங்கள் மந்தம் என்பதால் தோற்கவில்லை. அவர் உங்களை முன்னதாகவே பார்த்துவிட்டார்.

காத்திருக்கவே வேண்டியிருந்தால் மூலையை ஒட்டி நிற்காதீர்கள். இதற்கு நெட்வொர்க் காரணமே இல்லை, வெறும் வடிவியல். பார்வைக்கோடு உங்கள் முகத்தின் நடுவிலிருந்து கிளம்புகிறது. உங்கள் தோள் அதைவிட அகலமாக வெளியே நீண்டிருக்கிறது. இருவர் ஒரே மூலையின் இரு பக்கமும் நெருங்கும்போது, மூலைக்கு அருகில் இருப்பவரின் தோள்தான் முதலில் தெரியும். தள்ளி நிற்பவர் அதைப் பார்த்துவிடுவார். காலியான கஸ்டம் மேப்பில் ஒரு நண்பரை நிறுத்தி நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் மூலையிலிருந்து 10 மீட்டர், அவர் 1 மீட்டர் என்று நின்றுகொண்டு இருவரும் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகருங்கள். உங்கள் திரையில் அவருடைய தோளும் துப்பாக்கியும் தெரியும் நேரத்தில், அவர் திரையில் வெறும் சுவர்தான் இருக்கும்.

குறிவைக்கத் திரையின் நடுவே தெரியும் கூட்டல் குறி, அதாவது கிராஸ்ஹேர் எங்கே இருக்க வேண்டும் என்பதும் இதே கதைதான். புதியவரின் கிராஸ்ஹேர் நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரி தெரிந்த பிறகு தலைக்கு உயரும். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் கண்ட விதியின்படி, ஒரு இலக்கைத் தொடுவதன் கடினம் தூரத்தையும் இலக்கின் அகலத்தையும் பொறுத்தது. இலக்கின் அகலத்தைப்போல 15 மடங்கு தூரத்திலிருந்து நகர்த்தினால் கடின அளவு 4.9, 2 மடங்கு தூரத்திலிருந்து என்றால் 2. தலை எந்த உயரத்தில் தோன்றுமோ அந்த உயரத்தில், சுவர் விளிம்புக்குச் சற்று வெளியே கிராஸ்ஹேரை வைத்தபடியே நடந்து பழகினால் பாதிக்கும் மேற்பட்ட வேலை முன்பே முடிந்துவிடும். வேறு எந்தக் குறிப்பையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கவுன்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட் போன்றவற்றில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்று சுட வேண்டும். ஓவர்வாட்ச்சில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த விளையாட்டில் நுழைந்தாலும் பயிற்சி அறையில் ஒரு சுவரைப் பார்த்து ஓடியும் நின்றும் சுட்டு, துளைகள் விழும் விதத்தைப் பாருங்கள்.

ஒவ்வொருவராகப் போனால் என்ன ஆகும்?

இதுவரை சொன்னது ஒருவருக்கொருவர் மோதும் கணக்கு. டீம் ஆட்டத்தை உண்மையில் தீர்மானிப்பது வேறொரு கணக்கு. அது 1916இலேயே வந்துவிட்டது. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர், விமானப் போர் பற்றி யோசித்தபோது ஒரு விதியைக் கண்டார். எல்லாரும் எல்லாரையும் சுட முடிகிற சண்டையில் ஒரு படையின் பலம் ஆட்களின் எண்ணிக்கையோடு நேராகக் கூடுவதில்லை. எண்ணிக்கையின் வர்க்கமாகக் கூடுகிறது. ஆள் கூடினால் சுடும் துப்பாக்கிகளும் கூடுகின்றன, எதிரியின் குண்டுகளும் அதிகம் பேருக்குப் பங்காகிவிடுகின்றன. இரண்டு லாபமும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

சம திறமையுள்ள 5 பேரும் 4 பேரும் மோதினால் என்ன ஆகும்? 25 கழித்தல் 16, மிச்சம் 9; அதன் வர்க்கமூலம் 3. ஒரே ஒரு ஆள் கூடுதலாக இருந்த அணிக்குச் சராசரியாக மூன்று பேர் உயிரோடு மிஞ்சுவார்கள். முதல் கில் விழுந்ததுமே ரவுண்டு சாய்ந்துவிடுவதுபோல உணர்கிறோமே, அந்த உணர்வு சரியானதுதான்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். உங்கள் அணியின் ஐவரும் ஒருவர் பின் ஒருவராக, சேர்ந்து நிற்கும் எதிரணி ஐவரிடம் போகிறார்கள். ஒவ்வொருவரும் எதிரியின் வர்க்கத்திலிருந்து 1 கழிக்கிறார். 25இலிருந்து 5 போனால் 20. வர்க்கமூலம் ஏறக்குறைய 4.5. ஐந்து பேர் செத்தும் எதிரிக்கு நட்டம் அரை ஆள். சேர்ந்து போயிருந்தால் சரிசமம். ஹீலர் இருக்கும் ஓவர்வாட்ச் போன்ற ஆட்டத்தில் அந்த அரை ஆள் காயம்கூட, அடுத்தவர் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். செத்து மீண்டும் ஸ்பான் ஆனதும் தனியாக ஓடாமல் மற்றவர்கள் வரும்வரை காத்திருங்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் கெஞ்சுவது இதனால்தான். அந்தப் பத்து விநாடிப் பொறுமைக்கு ஈடாக எந்த ஹெட்ஷாட்டும் இல்லை.

நிஜ ஆட்டத்தில் ஆட்கள் குறைவு, அதிர்ஷ்டம் அதிகம். ஒருவர் நால்வரை வீழ்த்துவதும் நடக்கும். ஆனால் இந்த விதியின் நிபந்தனையைக் கவனியுங்கள்: எல்லாரும் எல்லாரையும் பார்க்க முடிந்தால்தான் வர்க்கம் வேலை செய்யும். குறுகலான வாசலில் ஒருவர்பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். அங்கே வர்க்கம் மறைந்துபோகிறது. தடுப்பு அணி வாசல்களை விரும்புவதற்கு இதுதான் காரணம். ஸ்மோக் குண்டை ஒளிந்துகொள்ளும் திரையாக மட்டும் நினைத்தால் அதன் பாதி மதிப்புதான் கிடைக்கும். சரியான இடத்தில் விழுந்த ஒரு ஸ்மோக், எதிரணி ஐவரில் மூவரின் பார்வையை வெட்டிவிடுகிறது. அடுத்த சில விநாடிகளுக்கு நடப்பது ஐந்துக்கு ஐந்து அல்ல, ஐந்துக்கு இரண்டு.

எனவே கில் எதுவும் எடுக்கத் தெரியாத முதல் நாளிலேயே அணிக்குப் பயன்பட முடியும். முன்னே போகும் தோழருக்கு ஒருசில மீட்டர் பின்னாலேயே இருங்கள், அவரைப் பார்வையில் வைத்திருங்கள். அவரை வீழ்த்தியவர் மீண்டும் குறி திருப்புவதற்குள் நீங்கள் சுட்டுவிட்டால் எண்ணிக்கை சமமாகிவிடும். இதை 'டிரேட்' என்பார்கள். மைக்கில் நீளமாகப் பேச வேண்டாம். எத்தனை பேர், எங்கே, எவ்வளவு அடிபட்டவர் என்ற மூன்று தகவல் போதும்.

காதும் வயரும்

ஸ்பீக்கரை ஒதுக்கிவிட்டு ஹெட்போனில் விளையாடுங்கள். வலப்பக்கம் எழும் ஓசை இடக்காதை அடைய அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி விநாடி தாமதமாகும்; அந்தச் சிறு வித்தியாசத்தையும் இரு காதிலும் கேட்கும் சத்தத்தின் அளவு வித்தியாசத்தையும் வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. காலடிச் சத்தம் முன்னாலா பின்னாலா என்று குழம்பினால் பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள், எந்தக் காதில் சத்தம் கூடுகிறது என்பதிலிருந்து தெரிந்துவிடும்.

முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு வயர் இணைப்புக்கு மாறுங்கள். 20க்கும் 120க்கும் ஊசலாடும் பிங்கைவிட 60இலேயே நிற்கும் பிங் எவ்வளவோ மேல். மவுஸை வேகமாக நகர்த்தினால் குறியைக் கூடுதல் தூரம் தள்ளும் மவுஸ் ஆக்ஸிலரேஷனை அணைத்துவிடுங்கள். நின்று குறிவைக்கும் ஆட்டங்களில், முழுதாக ஒரு சுற்றுத் திரும்ப மவுஸ் 30 முதல் 50 சென்டிமீட்டர் நகரும்படியான சென்சிட்டிவிட்டி பெரும்பாலோருக்கு ஒத்துவரும். ஒன்றைத் தேர்ந்துவிட்டால் தினமும் மாற்றாதீர்கள்.

முதல் மேட்ச்சுகளில் ஏன் இவ்வளவு அடி?

எதிரிகளை ஒதுக்கித் தருவது மேட்ச்மேக்கிங் கணக்கு. இதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது: இயற்பியலாளர் அர்பாட் ஈலோ வகுத்த தரவரிசை முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றன. அணியாக ஆடும்போது சிக்கல் கூடுகிறது. வெற்றி பத்துப் பேர் சேர்ந்து உண்டாக்கியது. அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை ஒரு மேட்ச்சிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறை ஆளுக்கு இரண்டு எண்களை வைத்திருக்கிறது: திறமை எவ்வளவு என்ற ஊகம், அந்த ஊகம் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்ற அளவு. அதில் புதியவர் 25 என்ற ஊகத்தோடும் 8.33 என்ற ஐயத்தோடும் தொடங்குகிறார். ஐயம் பெரிதாக இருக்கும்வரை ஒவ்வொரு முடிவும் உங்கள் எண்ணை வெகுவாக ஏற்றி இறக்கும், எதிரிகளும் தாறுமாறாக வருவார்கள். ஒரு மேட்ச்சில் நொறுக்கப்பட்டு அடுத்ததில் எளிதாக ஜெயிப்பது இந்தத் தேடலால்தான். ஆகவே ரேங்க் இல்லாத மேட்ச்சுகளில் தொடங்கி, ஒரே பாத்திரம், ஒரே ரோல், ஒன்றிரண்டு துப்பாக்கிகள் என்று நிலையாக ஆடுங்கள். தோற்றாலும் மேட்ச்சைப் பாதியில் விட்டுப் போகாதீர்கள்; விட்டுப் போனால் தண்டனை உண்டு, மீதி நால்வரும் பதினாறுக்கு இருபத்தைந்து என்ற கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். ஐயம் சுருங்கச் சுருங்க எதிரே வருகிறவர்களும் உங்கள் அளவினராக மாறிவிடுவார்கள்.