கிட்டார் ஆம்புக்குப் புது வால்வு வாங்கும் முன்

டியூப் ஆம்பில், அதாவது வால்வில் ஓடும் ஆம்பில், சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், "வால்வு போயிடுச்சு, செட்டோட மாத்திடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது ஒரே ஒரு வால்வாக இருக்கும். சில சமயம் அதுவும் நன்றாகத்தான் இருக்கும். சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கும். ஆகவே எந்தக் கம்பெனி வால்வு நல்லது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எது போனது, எதனால் போனது என்பது தெரியாமல் செலவு செய்தால் புதியதும் அதே வழியில் போகும்.

வேலையில் இறங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இந்த ஆம்புகளுக்குள் 400, 500 வோல்ட் டி.சி. சர்வசாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். பின்பக்கப் பலகையைக் கழற்றி, ஆறிய வால்வை எடுத்து மாட்டுவதை நீங்களே செய்யலாம். சர்க்யூட் பொருத்திய உலோகச் சட்டமான சேஸியை வெளியே எடுத்து மீட்டர் வைப்பது, அந்த மின்சாரத்தை இறக்கத் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஆன் செய்யவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் வால்வு விலையெல்லாம் சில்லறையாகத் தெரியும்.

எது போனது என்று கண்டுபிடிக்க ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவெர்பை எடுத்துக்கொள்வோம். அதில் 9 வால்வுகள்: 12ஏஎக்ஸ்7 நான்கு, 12ஏடி7 இரண்டு, பவர் வால்வாக 6வி6 இரண்டு, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையராக ஒரு ஜிஇசட்34. கிட்டார் சொருகும் ஜாக்குக்கு அருகில் இருப்பது வி1, அதாவது முதல் வால்வின் இடம். அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் பவர் வால்வுக்கு முன்னால் வி6 (இது இடத்தின் எண்; 6வி6 என்பது வால்வின் பெயர்). நார்மல் சேனலில் மட்டும் கரகரப்பு என்றால் வி1-ஐச் சந்தேகிக்க வேண்டும்; வைப்ரேட்டோ சேனலில் மட்டும் என்றால் வி2. கிட்டார் ஒலி சரியாக வந்து ரிவெர்ப் மட்டும் இல்லையென்றால் வி3, அல்லது ரிவெர்ப் டேங்குக்குப் போகும் வயர். ட்ரெமோலோ நின்றுவிட்டால் வி5. இரண்டு சேனலிலும் ஒரே கோளாறு என்றால் வி6, பவர் வால்வுகள், ரெக்டிஃபையர் என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும்.

நன்றாக வேலை செய்யும் 12ஏஎக்ஸ்7 ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆம்பை அணைத்து, ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7 இடத்திலும் அதைப் போட்டுப் பாருங்கள். கோளாறு எங்கே மறைகிறதோ, அங்கே இருந்தது போன வால்வு. வால்வு மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டதா, அதாவது அதிர்வையே ஒலியாக்குகிறதா என்று பார்க்க, ஆம்ப் ஓடும்போது பென்சிலின் மரப்பக்கத்தால் லேசாகத் தட்டலாம். வி1-ஐத் தட்டினால் "டொக்" என்று கேட்பது இயல்பு. மணிபோல ரீங்கரித்தாலோ, தட்டியது நிற்காமல் ஊளையிட்டாலோ மாற்ற வேண்டியதுதான். அதே வால்வு வி5 மாதிரி இடத்தில் இன்னும் சில வருடம் உழைக்கும், தூக்கி எறியாதீர்கள்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்காவில் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பாவில் ஈசிசி83, இரண்டும் ஒன்று. 12ஏடி7 என்றால் ஈசிசி81, 12ஏயூ7 என்றால் ஈசிசி82. கால் அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே, பெருக்கும் திறன்தான் வேறு: 12ஏஎக்ஸ்7-க்கு 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏயூ7-க்கு 20-க்குக் கீழே. வால்யூமை 2-க்கு மேல் திருப்பவே முடியவில்லை, அதற்குள் ஒலி உடைந்து கரகரக்கிறது என்பவர்கள் வி1-இல் 5751 போட்டுப் பார்க்கலாம், ஆம்புக்கு ஒன்றும் ஆகாது. எதிர்த்திசையில் போகும்போதுதான் கவனம் வேண்டும். ரிவெர்பை ஓட்டும் வி3-இல் 12ஏடி7 இருப்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரு பாதிக்கு 2.5 வாட் தாங்கும். 12ஏஎக்ஸ்7 சுமார் 1 வாட்தான். "கெயின் அதிகம், சத்தம் பெரிதாகும்" என்று அங்கே 12ஏஎக்ஸ்7 சொருகுவது வீண்.

பவர் வால்வில்தான் காசும் ஆபத்தும் அதிகம். சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 6வி6, 6எல்6 இரண்டும் ஒரே 8 கால் சாக்கெட்டில் உட்காரும். ஆனால் 6வி6-இன் ஹீட்டர் 0.45 ஆம்பியர் எடுக்கும், 6எல்6 அதைப்போல இருமடங்கு, 0.9. ஈஎல்34-க்கு 1.5. சின்ன பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காமல் சூடேறும். ஈஎல்34-க்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அதன் 1-ஆம் காலில் சப்ரெஸர் கிரிட் இருப்பதால் அது 8-ஆம் காலோடு இணைந்திருக்க வேண்டும். 6எல்6-க்காகக் கட்டிய ஆம்பில் அந்த இணைப்பு இல்லாமல் போகலாம். ப்ளூஸ் ஜூனியர் மாதிரி ஆம்பில் பவர் வால்வான ஈஎல்84-உம் 12ஏஎக்ஸ்7-உம் இரண்டுமே 9 கால். அவசரத்தில் இடம் மாற்றிச் சொருக வாய்ப்பு இருக்கிறது. கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது பயாஸ், அதாவது வாசிக்காதபோது பவர் வால்வு எவ்வளவு கரன்ட் எடுக்கும் என்பதை நிர்ணயிக்கும் அமைப்பு. உங்கள் ஆம்ப் கேதோடு பயாஸா, ஃபிக்ஸட் பயாஸா என்பது தெரியாமல் பவர் வால்வு வாங்கக் கூடாது. வாக்ஸ் ஏசி30 கேதோடு பயாஸ். நான்கு ஈஎல்84-ஐப் பொருந்திய செட்டாகப் போட்டால் தானே சரிசெய்துகொள்ளும். ஃபிக்ஸட் பயாஸில் ஒவ்வொரு முறையும் அளந்து திருக வேண்டும். மெசா பூகியின் பெரும்பாலான ஆம்புகளிலும் ப்ளூஸ் ஜூனியரிலும் ஃபிக்ஸட் பயாஸ் இருந்தும் திருக ஒன்றும் கிடையாது; அங்கே ஆம்புக்கு ஏற்ற கரன்ட் எடுக்கும் வால்வைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மெசா தன் வால்வுகளைத் தரம் பிரித்து நிறக்குறி போட்டு விற்பது அதற்காகவே.

பயாஸ் கணக்கு எளிது. 6வி6-க்குள் இருக்கும் உலோகத் தகடான பிளேட் தாங்கும் அளவு 14 வாட். பிளேட்டில் 415 வோல்ட் இருந்தால், 14-ஐ 415-ஆல் வகுக்க 33.7 மில்லிஆம்பியர். அதில் 70 சதவீதம் சுமார் 23.6. எலக்ட்ரானை வெளிவிடும் முனையான கேதோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் தெரியும் மில்லிவோல்ட்தான் மில்லிஆம்பியர். அதில் ஸ்க்ரீன் என்ற இன்னொரு முனையின் கரன்டும் சேர்ந்திருப்பதால் உண்மையான பிளேட் கரன்ட் சற்றுக் குறைவு. தவறினாலும் நல்ல பக்கமாகத் தவறுகிறோம். 70 சதவீதம் என்பது போகக்கூடிய மேல் எல்லை, தொட்டே ஆகவேண்டிய இலக்கு இல்லை. 60-இல் நன்றாக ஒலித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், வால்வும் கூடுதல் காலம் வரும். புதிய வால்வு என்றால் அரைமணி நேரம் ஓடிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

பொருந்திய ஜோடி என்பது வியாபாரத் தந்திரம் மட்டும் இல்லை. பவர் வால்வுகள் இரு பக்கமாகப் பிரிந்து மாறிமாறி உழைக்கும் புஷ்-புல் ஆம்பில் இரண்டு பக்கமும் சமமாகக் கரன்ட் எடுத்தால்தான் பவர் சப்ளையின் 100 ஹெர்ட்ஸ் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். 12ஏஎக்ஸ்7 போன்ற பிரீஆம்ப் வால்வுக்கு "மேட்ச்டு" என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பிளேட் செந்தணலாகச் சிவந்தால் உடனே அணையுங்கள். ஆறியதும் இரண்டு பவர் வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டு, சில நொடி மட்டும் பாருங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு கோளாறு. அதே சாக்கெட்டில் நின்றால் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது, அல்லது பயாஸ் வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்து சேரவில்லை. எத்தனை புது வால்வு போட்டாலும் எரியும். ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருந்தால் ஸ்க்ரீன் ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள். ஃபெண்டரில் வழக்கமாக 470 ஓம். ஃபியூஸ் அதே அளவில், அதே வகையில்தான் இருக்கவேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல நீல ஒளி தெரிந்தால் பயமில்லை. உச்சியில் வெள்ளிபோல் பளபளத்த பூச்சு பால்வெள்ளை ஆகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி பிராண்ட். சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சோல், இன்றைய மல்லார்ட், கோல்ட் லயன் எல்லாம் ரஷ்யாவின் சரடோவில் ஒரே ஆலையில் இருந்து வருபவை. ஜேஜே ஸ்லோவாக்கியாவில் சாட்சாவில் தயாராகிறது. அடுத்த பெரிய பங்கு சீனாவுடையது. பழைய மல்லார்ட் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்யப்பட்டது. இன்று அந்தப் பெயர் மட்டுமே அட்டைப்பெட்டியில் இருக்கிறது. புதியதும் மோசமில்லை, ஆனால் பழையதன் விலையைக் கொடுக்காதீர்கள். பழைய சரக்கு வேண்டுமென்றால் பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) ரேடியோ காலத்தில் தயாரித்த ஈசிசி83-ஐத் தேடலாம், நல்ல வால்வு. எதுவானாலும் டெஸ்டரில் அளந்த எண்ணைக் கேளுங்கள். மேல் அச்சைத் துடைத்துவிட்டு வேறு பெயர் அடித்து விற்பவர்கள் உண்டு.

மாட்டும்போது 9 கால் வால்வை நேராக, சிறு வட்டமாக அசைத்து இறக்குங்கள். 8 கால் வால்வின் நடு முளை உடைந்திருந்தால் எந்தத் திசையிலும் சொருகலாம், அதனால் அந்த வால்வைப் போடவே வேண்டாம்.