கல்லீரலைக் கருமையாக்கும் இரும்புத் துகள்கள்

எம்ஆர்ஐ ஸ்கேன் படம் பெரும்பாலும் உடலிலுள்ள நீரும் கொழுப்பும் தரும் சமிக்ஞையால் உருவாவது. 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வலிமையுள்ள கருவிக்குள், ஹைட்ரஜன் அணுக்கருவான புரோட்டான் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ 6.4 கோடி முறை காந்தப்புலத்தின் திசையைச் சுற்றிச் சாய்ந்த பம்பரம்போல் அச்சாடுகிறது. ரேடியோ அலைத் துடிப்பு அவற்றை ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தத் தாளம் கலைவதற்குள் எழும் சமிக்ஞையே படமாகிறது. நோயுற்ற திசுவிலும் நலமான திசுவிலும் அது ஏறக்குறைய ஒரே வேகத்தில் கலைந்தால், இரண்டையும் பிரித்தறிய, படத்தில் வேறுபாட்டைக் கூட்டிக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து தேவைப்படுகிறது.

அத்தகைய மருந்துகளுள் ஒரு வகை, டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைப் பொருள் பூசிய இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். சில நானோமீட்டர் அளவே உள்ள இவற்றின் காந்தத் திசையை, அறை வெப்பமே ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து காந்தப்புலம் இல்லாதபோது இவை காந்தமாக நடந்துகொள்வதில்லை. ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு நுண்குழாய்களை அடைக்கும் அபாயமும் குறைகிறது. ஸ்கேன் கருவிக்குள் நுழைந்ததும், ஒரு துகளிலுள்ள ஆயிரக்கணக்கான இரும்பு அணுக்கள் ஒரே திசையில் அணிவகுத்துச் சுற்றுப்புறக் காந்தப்புலத்தைக் குலைக்கின்றன. அருகே செல்லும் நீரின் புரோட்டான்கள் தாளத்தை விரைவில் இழக்க, அந்த இடம் படத்தில் கருமையாகிறது. துகள் நேரடியாகத் தெரிவதில்லை, நீரின் மீது அது ஏற்படுத்தும் விளைவுதான் தெரிகிறது.

இந்த முறையின் அழகு கல்லீரலில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் மருந்தின் துகள்களை, கல்லீரலில் அந்நியப் பொருள்களை விழுங்கும் கப்ஃபர் செல்கள் உள்வாங்கிக்கொண்டன. வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுக்கட்டியில் அச்செல்கள் இல்லாததால், நலமான பகுதி இருண்டு கட்டி மட்டும் வெளிச்சமாகத் தனித்து நின்றது. உள்ளே சென்ற துகள்களும் படிப்படியாகச் சிதைந்து, உடலின் இரும்புச் சேமிப்பில் சேர்ந்துவிடும்.

ஆனால் இரத்தக்கசிவும் சுண்ணாம்புப் படிவும் காற்றும் கூட அதே கருமையைத் தரக்கூடும். திசுவை வெளிச்சமாகக் காட்டும் கடோலினியம் என்ற உலோகம் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்துகளையே மருத்துவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஃபெரிடெக்ஸ் உற்பத்தி 2008-இல் நின்றது. இருப்பினும், சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்காக 2009-இல் வந்த ஃபெருமாக்சிட்டால், கடோலினியம் ஒவ்வாத சிலருக்கு இரத்தக்குழாய்ப் படமெடுக்கவும் பயன்படுகிறது. கடும் ஒவ்வாமை நேரலாம் என்பதால் அதை மெதுவாகவும் கண்காணிப்புடனும் செலுத்த வேண்டும்.

கருமைச் சிக்கலுக்கு வேறு திசையிலிருந்தும் விடை தேடப்படுகிறது. பெர்ன்ஹார்ட் கிளைக், யுர்கன் வைசனெக்கர் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட காந்தத் துகள் படமுறையில், நீரை விட்டுவிட்டுத் துகளின் காந்த எதிர்வினையே நேரடியாக அளக்கப்படுகிறது. திசுக்கள் அதில் சமிக்ஞை தருவதில்லை என்பதால், துகள் இருக்கும் இடம் மட்டுமே படத்தில் பதிவாகிறது.