முதலில் அந்த ஃபைலை எடுங்கள்

மஞ்சள் பையின் அடியில், துண்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கீழே, ஒரு ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கும். என் அறைக்கு வருகிற பலரிடம் இருக்கும், கேட்டால்தான் வெளியே வரும். அரசு மருத்துவமனை ஒன்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். ‘இயற்கை டாக்டராச்சே, இங்கிலீஷ் மருந்து சாப்பிடுறது தெரிஞ்சா திட்டுவாங்க’ என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதே ஆள் மாடியில் இருக்கும் பொது மருத்துவரிடம் போகும்போது பையில் உள்ள பொடியையும் கஷாயத்தையும் மறைத்துவிடுவார். பாவம், இரண்டு பக்கமும் பயம்.

சென்ற வருடம் வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூட்டு வலிக்கு மண்பட்டி, அதாவது ஈர மண்ணைத் துணியில் வைத்துக் கட்டும் பத்து, போட்டுவிடச் சொல்லி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு மண்பட்டி மறந்துவிட்டது. கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாக, கழுத்துக்குப் பின்னால் லேசாகச் சதை போட்டு இருந்தார். கையிலோ காலிலோ அந்தச் சதை இல்லை.

“ஃபைலை எடுங்கம்மா.”

“அது எதுக்கு டாக்டர்? நான் இப்போ மூலிகைதான்.”

எடுத்தார். பழைய சர்க்கரை அளவெல்லாம் சுமார்தான். அன்று குத்திப் பார்த்தால் 340. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மூன்றாவது முறை கேட்டபோது ஒரு பிளாஸ்டிக் கவர் வெளியே வந்தது. லேபிள் இல்லை, பெயர் இல்லை. பழுப்பு நிறப் பொடி. பக்கத்து ஊரில் ஒருவர் தருகிறாராம். “சாப்பிட்ட மூணே நாள்ல வலி ஓடிப்போச்சு டாக்டர். பத்து வருச வலி!”

பத்து வருட மூட்டுவலியை மூன்று நாளில் விரட்டும் மூலிகை எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் செய்யும் மாத்திரை தெரியும். ஸ்டீராய்டு. பெயர் இல்லாத வலிப் பொடிகளில் அதைப் பொடித்துக் கலப்பது பழைய தந்திரம். வலி போகும், பசி எடுக்கும், முகம் தளதளவென்று ஆகும். ‘தேறிட்டீங்களே’ என்று ஊரே சொல்லும். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

இதைப் படிக்கும் யாராவது அப்படி ஒரு பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். பயந்துபோய் இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியோடு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள். அந்த அம்மாவையும் கையோடு மாடிக்குத்தான் அனுப்பினேன்.

சரி, நான் என் வைத்தியத்தையே குறை சொல்ல இதை எழுதவில்லை. ஐந்தரை வருடம் படித்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பதை முழுசாக நம்புகிறவள் நான். நம்ப வேண்டியதுகூட இல்லை, கண்ணால் பார்க்கலாம். காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டால் யார் ஒட்டவைக்கிறார்கள்? சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அப்புறம் புதுசு வந்துவிடுகிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்தாலும், மீதி வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். முறிந்த எலும்பும் கூடும். ஆனால் நேராக வைத்துக் கட்டாவிட்டால் கோணலாகக் கூடும். உடம்புக்கு எலும்பைச் சேர்க்கத் தெரியும், நேராகச் சேர்க்க வேண்டும் என்று தெரியாது. என் வேலையே அந்த ‘நேராக வைத்துக் கட்டுவது’தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நன்றாக நடந்த கதை ஒன்று. நாற்பது வயது ஆட்டோ ஓட்டுநர். சர்க்கரை வந்து இரண்டு வருடம். ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றுதான், மாத்திரையை நிறுத்த வேண்டும். இது வெட்டி ஆசை இல்லை. பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்ற ஆய்வு நடந்தது, முடிவு 2017இல் வெளிவந்தது. டைப் 2 சர்க்கரை (இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத வகை) வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாத, இன்சுலின் போடாத, உடல் பருமனானவர்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி உணவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அந்த நிலைக்கு வந்தார்கள். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைய, இன்சுலின் மறுபடி வேலை செய்கிறது. உடம்பு தன்னைச் சரிசெய்வது என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆட்டோக்காரர் ஆர்வம் தாங்காமல் ஒரு காரியம் செய்தார். இரவு உணவை நிறுத்தினார், காலையில் ஆவாரம்பூ கஷாயம், கூடவே வெந்தயம். ஆனால் கிளிமிபிரைட் மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே கொண்டுவரும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. ஒரு நாள் காலை சவாரியோடு போகும்போது கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டிவிட்டது. நல்லவேளை, வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பள்ளிக்கூடக் குழந்தைகள் இரண்டு பேர் பின்னால் இருந்தார்கள். அவர்களில் ஒன்று கொடுத்த மிட்டாய்தான் அன்று மருந்து.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தோம். குளுக்கோமீட்டர் வாங்கவைத்தேன். மாடியில் உள்ள டாக்டரும் நானும் ஒரே நோட்டில் எழுதினோம். எடை குறையக் குறைய அந்த டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். பதினோரு கிலோ குறைந்தது. இப்போது மெட்ஃபார்மின் என்ற ஒரு சர்க்கரை மாத்திரை மட்டும். முழுசாக நிற்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை.

அதே சர்க்கரைதான், இன்னொரு கதை. எட்டு வயதுப் பெண் குழந்தை, டைப் 1. “இன்சுலின் ஊசி இல்லாம உண்ணாநோன்பு, மூலிகைன்னு ஏதாவது இருக்கா மேடம்? சின்னப் பிள்ளை, தினம் நாலு குத்து” என்று அப்பா கண் கலங்கிக் கேட்டார். இல்லை என்றேன். சுற்றி வளைக்கவில்லை. டைப் 1இல் இன்சுலின் சுரக்கும் செல்களையே உடம்பின் எதிர்ப்பு சக்தி அழித்துவிடுகிறது. எதைக் குணப்படுத்துவது? பட்டினி வைத்தியத்தை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. 1922க்கு முன்னால் அதுதான் பெரிய ஆஸ்பத்திரிகளின் சிகிச்சையே. குழந்தைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டு, எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள் கூடுதலாக வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அப்போது அவன் எடை முப்பது கிலோகூட இல்லை. பிறகு பதின்மூன்று வருடம் வாழ்ந்தான். இந்தக் கதையைத்தான் அந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. குழந்தை இப்போது என் பிரிவுக்கு யோகா வகுப்புக்கு வருகிறாள், ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தில் என்னைவிட நன்றாக நிற்பாள்.

என் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘கழிவு நீக்கம்’ என்ற சொல். எந்தக் கழிவு என்று கேட்டால் பதில் வராது. உண்மையான கழிவை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் நாள் முழுக்க உழைக்கின்றன. ஒரு பொருட்காட்சியில் காலை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சும் கடை பார்த்தேன். இருபது நிமிடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும், ‘பாத்தீங்களா, எவ்வளவு கழிவு’ என்பார்கள். “காலை வைக்காமல் சும்மா ஓடவிடுங்களேன்” என்றேன். முறைத்தார்கள். காலே இல்லாவிட்டாலும் நிறம் மாறும், அது மின்முனையின் இரும்பு துருப்பிடிக்கிற நிறம். மண்பட்டியும் அப்படித்தான். குளிர்ச்சியாக இருக்கும், வலி சற்று அடங்கும், இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருப்பதே பலருக்குப் பெரிய விஷயம். விஷத்தை உறிஞ்சும் என்று நான் சொல்வதில்லை.

இதைவிட ஆபத்தானது, ‘குணமாகும்போது முதலில் அதிகமாகத்தான் செய்யும்’ என்ற பேச்சு. நோய் குறைந்தால் வைத்தியம் பலித்தது, கூடினாலும் வைத்தியம் பலிக்கிறது என்றால் அந்த வைத்தியம் எப்போதுதான் தோற்கும்? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, ரத்தப்போக்கு, காரணமில்லாத எடை இழப்பு, இவற்றையெல்லாம் இந்தப் பேச்சில் கரைத்துவிடுகிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்ற இளம் ஆசிரியை ஒருவர் ரத்தப்போக்கில் இறந்துபோனது நினைவிருக்கும்.

எதற்கு எங்களிடம் வரலாம்? நாள்பட்ட இடுப்பு வலிக்குத் தாராளமாக. அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்றே 2017இல், மாத்திரைக்கு முன்னால் உடற்பயிற்சி, யோகா, அக்குபங்சர் போன்றவற்றைப் பாருங்கள் என்று வழிகாட்டியது. தூக்கமின்மை, மலச்சிக்கல், உடல் எடை, பதற்றம், இவற்றுக்கும். மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மெதுவாக இழுத்து விட்டாலே இதயத் துடிப்பு அடங்குவதை மீட்டரில் காட்டிவிடுவேன்.

அப்புறம், மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்பதையும் மறந்துவிடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மாத்திரையை எவ்வளவு கூட்டியும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து வாயில் அடக்கிக்கொண்டபோதுதான் பார்த்தேன், அதிமதுரம். தொண்டைக்கு நல்லது என்று நாள் முழுக்கச் சப்பியிருக்கிறார். அதிமதுரம் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நிறுத்தினார், சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது.

இயற்கை வைத்தியம் என்றதும் எல்லோரும் காந்தியைச் சொல்வார்கள். 1946இல் புனே பக்கத்தில் உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கியவர்தான். ஆனால் 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் குடல்வால் வீங்கியபோது, மண்ணை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கவில்லை. புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் என்ற ஆங்கிலேய டாக்டர் அறுவை சிகிச்சை செய்தார். நடுவில் மின்சாரம் போய் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். அதன் பிறகு இருபது வருடம் கழித்தும் காந்தி இயற்கை வைத்தியக்காரர்தான்.

அந்தப் பொடி அம்மா இப்போதும் வருகிறார். முகம் வற்றிப் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. மூட்டு வலி இருக்கிறது, தொடைத் தசைக்குப் பயிற்சி செய்கிறார், முன்பைவிட எளிதாக மாடிப்படி ஏறுகிறார். போன வாரம் உட்காருவதற்கு முன்பே ஃபைலை மேசைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு டப்பா.

“இது என்னம்மா?”

“நெல்லிக்காய் லேகியம் டாக்டர். பேத்தி வாங்கிக் குடுத்தா. உங்களைக் கேக்காம திறக்கல.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். முதல் பொருளே சர்க்கரை.