தலைக்கு மேல் வெயில், மலைக்கு மேல் மழை

சென்ற மாதம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், உலு லங்காட் வட்டாரத்து ஆற்றங்கரை ஒன்றில் ஒரு சங்கத்தின் குடும்ப நாளை நடத்திக்கொண்டிருந்தபோது, வெளிப்புறப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் ஒருங்கிணைப்பாளராக நான் பணியாற்றத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அதே வாக்குவாதம் மறுபடியும் எழுந்தது. பிற்பகல் 2.40 மணி. பெரியவர்களும் பிள்ளைகளுமாக 61 பேர் வந்திருந்தனர்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தண்ணீருக்குள் இருந்தனர். நான் விசிலை நீளமாக ஊதி எல்லாரையும் கரையேறச் சொன்னேன். சங்கத் தலைவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “வெயில் மண்டையைப் பிளக்குது, ஒரு மேகம்கூட இல்ல. எதுக்கு தம்பி பிள்ளைங்கள பயமுறுத்துறீங்க?” என்றார்.

நான் வானத்தைப் பார்க்கவில்லை; தர்பூசணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வந்தவுடனேயே ஓர் அம்மா, குளிர்ந்திருக்கட்டும் என்று இரண்டு தர்பூசணிகளை ராபியா கயிற்றால் கட்டி, கரையோரம் மூன்று கற்களுக்கு நடுவே வைத்திருந்தார். பதினோரு மணிக்கு அவை பாதி நனைந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தன. 2.40-க்குச் சிறிய பழம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது, கயிறு விறைத்திருந்தது, அதைச் சுற்றிக் காய்ந்த மூங்கில் இலைகள் கும்பலாக மிதந்து வந்தன. அரை மணி நேரத்துக்கு முன்பு அந்த ஆற்றில் ஓர் இலைகூட மிதக்கவில்லை.

“இன்னும் பத்து நிமிஷம்” என்ற பேரத்தில் நான்கு நிமிடங்கள் போயின. எல்லாரும் மேட்டில் ஏறி, நாங்கள் தலைகளை எண்ணி முடித்த நேரத்தில், ஓர் இளைஞர் ஐஸ் பெட்டியை எடுக்கத் திரும்பி இறங்கினார். அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். அதற்காக நான் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை, தெரிவிக்கப்போவதும் இல்லை. தே தாரேக் நிறத்தில் வந்த தண்ணீர், பாய் விரித்திருந்த கரையையும் ஐஸ் பெட்டியையும் தர்பூசணிகளையும் சேர்த்து மூடிக்கொண்டு போனது. நாங்கள் பேருந்தில் திரும்பியபோது பதினெட்டாங்கட்டை என்ற ஊர் வரை சாலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மலாய் மொழியில் இதற்குக் ‘கெப்பாலா ஆயேர்’ என்று பெயர். நீரின் தலை என்று பொருள். நம்மிடமும் காட்டாற்று வெள்ளம் என்ற சொல் இருக்கிறது. ஆனால் மேடையில் யாராவது மூச்சு விடாமல் பேசினால் அவரைப் பாராட்டுவதற்கு மட்டுமே அதை எடுக்கிறோம்.

‘இங்கே மழை இல்லையே’ என்ற வாதத்துக்கு வருகிறேன். நீங்கள் குளிக்கும் இடத்தில் பெய்யும் மழைக்கும் அந்த ஆற்றின் மட்டத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை: மேல்மாடிக்காரர் குழாயைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போனால் உங்கள் கூரைதான் ஒழுகும், அப்போது உங்கள் வீட்டுக் குழாய் மூடியிருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. லங்காட் ஆறு 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங் பக்கத்து மலைகளிலிருந்து இறங்குகிறது. நீங்கள் பாய் விரித்த இடத்திலிருந்து அந்த மலையுச்சியைப் பார்க்க முடியாது. காடும் பக்கத்துக் குன்றும் மறைத்துக்கொண்டிருக்கும். இடிமழை என்பது ஒரு மாநிலம் முழுவதும் ஒரே சீராகப் பெய்யும் மழை அன்று. சில கிலோமீட்டர் அகலமே உள்ள மேகத்தொகுதி ஒரு முகட்டின்மேல் நின்று ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். அங்கே எல்லாச் சரிவுகளிலும் விழுந்த நீர், ஒரே ஓடைக்குள் இறங்கி, நீங்கள் காலை நனைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பாறைகளுக்கு இடையிலான இடுக்குக்கு வந்துதான் ஆக வேண்டும். கீழே வெயில் அடிக்கலாம், பறவை பாடலாம், உங்கள் கைப்பேசியில் கோலாலம்பூர் என்று போட்டுப் பார்த்த முன்னறிவிப்பில் சூரியன் சிரிக்கலாம். ஆறு இவற்றில் எதையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இன்னொரு முறையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வாரமே மறுபடியும் வானத்தைக் காட்டுபவர்களை நான் அறிவேன்: உங்கள் தலைக்கு மேலே உள்ள வானம் ஆற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆற்றைப் பற்றி ஆறுதான் சொல்லும்.

அது சொல்லும் விதங்களில் ஒன்று பலரை ஏமாற்றிவிடுகிறது. தண்ணீர் கலங்கினாலோ, மட்டம் ஏறினாலோ, சருகும் சுள்ளியும் வந்தாலோ, மேலேயிருந்து லாரி இரைவதுபோல் ஒரு சத்தம் கேட்டாலோ, அனுபவமில்லாதவர்கூட ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். தண்ணீர் திடீரென்று குறைந்தால் யாரும் பயப்படுவதில்லை. “நல்லதாப் போச்சு, சின்னப் பிள்ளைங்களும் இறங்கலாம்” என்று மகிழ்கிறார்கள். மேலே சாய்ந்த மரங்களும் கிளைகளும் சேறும் ஓடையை அடைத்து நின்றால் கீழே நீர் வற்றும். அந்த அடைப்பு உடையும்போது, தேங்கிய அத்தனையும் ஒரே மூச்சில் வரும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது சரிதான், ஆனால் மலையாற்றில் நீங்கள் காலை விடும்போது தெரிந்த ஆழம் காலை எடுக்கும்போது இருப்பதில்லை.

இதெல்லாம் எப்போதோ ஒரு முறை நடப்பது என்பவர்களுக்குச் சிலவற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1996 ஆகஸ்டு 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் கிராமத்தின்மேல் மரங்களும் சேறும் கலந்த வெள்ளம் இறங்கி 44 பேர் இறந்தனர். 2021 ஆகஸ்டு 18 அன்று கெடாவின் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம், யான் வட்டாரத்தில் மக்கள் குளிக்கவும் களிக்கவும் கூடும் அடிவாரங்களையே தாக்கி உயிர்களைக் கொண்டுபோனது. 2023 ஜூலை 1 அன்று திரெங்கானு கெமாமானில், ஜெராம் ஆயேர் பூத்தேயில் 10 பேரை ஆறு அடித்துச் சென்றது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்த பிறகு, முகாம் பற்றி விசாரிக்கும் பெற்றோர் எல்லாரும் மலைச்சரிவு பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆற்றைப் பற்றிக் கேட்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இனி எங்கள் தொழிலின் பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. குடும்ப நாள் அட்டவணைகளை எடுத்துப் பாருங்கள். ஏழரைக்குப் புறப்பட வேண்டிய பேருந்து ஒன்பதுக்குப் புறப்படும். பத்தரைக்கு வந்து நாசி லெமாக். பிறகு வரவேற்புரை, தலைவர் உரை, அவருக்குப் பொன்னாடை. பதினொன்றரைக்குச் சாக்கு ஓட்டமும் கயிறு இழுத்தலும். ஒன்றரைக்குச் சாப்பாடு. மூன்று மணிக்கு, நாள் முழுவதும் பிள்ளைகள் காத்திருந்த பரிசாக, ஆற்றுக் குளியல். கிள்ளான் பள்ளத்தாக்கையும் அதன் கிழக்கே உள்ள மலைகளையும் அறிந்த எவரும், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமழை எந்த நேரத்தில் கட்டும் என்பதை அறிவர். அந்த நேரத்தைத் தேடிப் பிடித்து, அதற்குள் சரியாக நம் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்குகிறோம். நானும் என் தொடக்க ஆண்டுகளில் இப்படிப்பட்ட அட்டவணைகளை அழகாக வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுத்தவன்தான். சென்ற மாதத்துக் குடும்ப நாளுக்குப் பிறகு, எட்டரைக்குக் குளியல், பன்னிரண்டுக்குள் எல்லாரும் கரையில், அதன் பிறகு உரை, பொன்னாடை, சாக்கு ஓட்டம் எதுவானாலும் மேட்டுநிலத்தில் என்றுதான் அட்டவணை போடுகிறேன். காலை என்றால் கவலையில்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து கிளம்பும் புயல்மழை விடியலிலேயே வந்து கொட்டும். முந்தைய இரவு மலையில் பலத்த மழை என்றால் அன்று நான் யாரையும் ஆற்றில் இறக்குவதில்லை.

நீச்சல் தெரியும் என்பது அடுத்த வாதம். நீச்சல் குளத்தில் 50 மீட்டரை மூச்சுத் திணறாமல் கடப்பவரும் முழங்கால் அளவு ஓடும் நீரில் நிற்க முடியாமல் விழுவார். விழுந்தால் அங்கே நீந்துவதற்கு இருப்பது தண்ணீர் மட்டுமல்ல, பாறையும் மரக்கட்டையும்தான். இதற்குமேல் இதை விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

பொறுப்புத் துறப்புப் படிவத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்லும் ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் தாளை ஆற்றிடம் யார் காட்டப்போகிறார்கள்?

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முந்தைய நாளும் அன்று காலையும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில், குளிக்கும் ஊருக்கு மட்டுமல்லாமல் ஆறு புறப்படும் மாவட்டத்துக்கும் இடிமழை எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மழை ரேடார் படத்தையும் பாருங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் மழையளவையும் ஆற்று மட்டத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். நிரந்தர வனக்காப்பகத்துக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதியைப் பெறுங்கள். உரிமம் பெற்ற மலை வழிகாட்டியோடு போங்கள், அவர் திரும்பு என்றால் திரும்புங்கள். கோல குபு பாரு பக்கம் சிலிங் நீர்வீழ்ச்சியைப் போல ஆற்றைப் பலமுறை கடந்து போகும் பாதைகளில், போகும்போது கணுக்கால் அளவு இருந்த நீர் திரும்பும்போது இடுப்பளவு இருக்கக்கூடும். அப்படியானால் கடக்காதீர்கள், மேட்டில் காத்திருங்கள், இருட்டினாலும் காத்திருங்கள்.

ஆற்றங்கரையை அடைந்தவுடன், பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே, நீர்விளிம்பில் ஒரு தட்டைக் கல்லை வைத்து அதை ஒருவரின் பொறுப்பில் விடுங்கள். அந்தக் கல் நனைந்தால் கேள்வி கேட்காமல் எல்லாரும் வெளியேற வேண்டும். நான் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கல்லை வைக்கிறேன். அன்று என் உதவியாளர் அதன்மேல் தெரியாமல் துண்டைப் போட்டுவிட்டார், தர்பூசணி காப்பாற்றியது. விசிலோடு ஒருவர் மேலே, வளைவுக்கு அப்பால் நிற்கட்டும். அவர் குளிக்கக்கூடாது, கைப்பேசி பார்க்கக்கூடாது. விசில் சத்தம் கேட்டால் ஆற்றுக்குப் பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏறுங்கள். ஆற்றோடு சேர்ந்து கீழ்நோக்கி ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகமாக வரும். காலணி, கைப்பேசி, ஐஸ் பெட்டி, வாட்டும் அடுப்பு எதற்கும் திரும்பாதீர்கள். நடு ஆற்றுப் பாறையில் அகப்பட்டுக்கொண்டால் அங்கேயே நில்லுங்கள். அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் பாறை இடுக்கில் மாட்டும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டிக்கொள்ளுங்கள்.

ஒருவரை ஆறு இழுத்தால் அவர் பின்னால் குதிக்காதீர்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாகவும் இறங்காதீர்கள். அண்ணனைக் காப்பாற்றத் தம்பியும், தம்பியைக் காப்பாற்ற அப்பாவும் இறங்கினால் அந்த வீட்டில் அழுவதற்குக்கூட ஆள் மிஞ்சாது. கயிற்றை வீசுங்கள், மூடிய காலி நீர்க்கலனை வீசுங்கள், 999-ஐ அழையுங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் கைப்பேசி அலை கிடைக்காது. ஆகவே வரும் வழியில் அலை கடைசியாக எந்த இடத்தில் கிடைத்தது என்பதைக் கவனித்து வையுங்கள்.

கடைசியாக, சங்கத் தலைவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நுழைவாயிலிலேயே வைத்து ‘இன்றைக்கு ஆறு வேண்டாம்’ என்று ஓர் ஒருங்கிணைப்பாளர் சொன்னால், ஐயா, அம்மா, தயவுசெய்து கார் நிறுத்துமிடத்தில் அவரிடம் பேரம் பேசாதீர்கள். பிள்ளைகளின் முகம் வாடுவது அவருக்கும் தெரியும். கட்டிய பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கப்போவதும் தெரியும். மாற்று ஏற்பாடாக ஒரு மண்டபமோ திடலோ அவர் கைவசம் இருக்கும். சாப்பாட்டுக்காரரிடம், சோற்றை எங்கே கொண்டுவந்து இறக்குவது என்று முதல் நாள் இரவே பேசி வைத்திருப்பார்.