ஆஞ்சியோஜெனிசிஸ்: உருவாக்கமா, முளைப்பா?

ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி என்று கேட்டுக் கேட்டுப் பழகியதால் 'ஆஞ்சியோ' என்றாலே இதயம் என்று பலர் நினைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லில் இதயம் இல்லை. கிரேக்க மொழியில் 'ஆங்கேயோன்' என்றால் எதையாவது ஊற்றியோ போட்டோ வைக்கும் பாத்திரம், நாம் கலம், கலன் என்கிறோமே அதுதான். பூக்கும் தாவரங்களுக்கு ஆஞ்சியோஸ்பெர்ம் என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்து, விதை ஒரு கலனுக்குள் மூடி இருப்பதால். 'ஜெனிசிஸ்' என்றால் பிறப்பு, தோற்றம். ஆக, உடலில் புதுக் குருதிக்குழல் உண்டாவதைக் குறிக்கும் ஆஞ்சியோஜெனிசிஸ் என்ற சொல்லை வேர்ப்படி பார்த்தால் 'கலன் பிறப்பு'.

தமிழில் இதை இரத்தநாள உருவாக்கம், குருதிக்குழல் உருவாக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். முதல் பாதியில் எனக்குச் சிக்கல் இல்லை. இலங்கைப் பாடநூல்களில் வரும் 'குருதிக்கலன்' கிரேக்க வேரோடு அப்படியே பொருந்துகிறது என்பதால் அது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். சிக்கல் 'உருவாக்கம்' என்ற இரண்டாம் பாதியில்.

ஏனென்றால் உடலில் குருதிக்கலன் இரண்டு வழிகளில் வருகிறது. கருவில், இன்னும் குழாய் என்று ஒன்றுமே இல்லாத இடத்தில், சிதறிக் கிடக்கும் முன்னோடிச் செல்கள் ஒன்றுகூடி முதல் குழாய்களைக் கட்டுகின்றன. இதற்கு வாஸ்குலோஜெனிசிஸ் என்று பெயர். அப்புறம் ஏற்கெனவே இருக்கும் குழாயிலிருந்து புதுக் கிளை விடுவது, அதுதான் ஆஞ்சியோஜெனிசிஸ். இந்த வேறுபாட்டைத் தெளிவாக நிலைநிறுத்தியவர்களில் வெர்னர் ரிசாவ் என்ற ஆய்வாளர் முக்கியமானவர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், லத்தீனில் 'வாஸ்குலும்' என்றாலும் சிறு கலன்தான், வேர்ப்பொருளில் இரண்டு சொல்லும் ஒன்றே! அறிவியல்தான் பின்னால் வந்து அவற்றுக்கு வேறு வேறு வேலை கொடுத்தது. எனவே வேரை மட்டும் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் இரண்டுக்கும் 'குருதிக்கலன் உருவாக்கம்' என்றே வரும், படிக்கிற மாணவர் குழம்பித்தான் போவார். நிகழ்வைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும்.

நிகழ்வு என்ன? நம் திசுக்களில் பெரும்பாலான செல்கள் ஏதாவது ஒரு தந்துகியிலிருந்து (மிக மெல்லிய குருதிக்குழாய்) 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள்தான் இருக்கின்றன, அதைத் தாண்டினால் ஆக்சிஜன் போதிய அளவு எட்டாது. அப்படி ஆக்சிஜன் குறையும் செல்லில், வழக்கமாக உருவான வேகத்திலேயே அழிக்கப்படும் எச்.ஐ.எஃப். என்ற புரதம் அழியாமல் சேர்கிறது (இதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு). அது வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்க வைக்கிறது. அந்தக் காரணி பரவி அருகிலுள்ள குழாயை எட்டியதும் உட்சுவர்ச் செல்களில் ஒன்று மெல்லிய விரல்களை நீட்டி, காரணி அதிகமாக இருக்கும் பக்கம் நகரத் தொடங்குகிறது. அப்படிக் கிளம்பிய செல், நாட்ச் என்ற ஏற்பி (செய்தியை வாங்கும் புரதம்) வழியாகப் பக்கத்துச் செல்லுக்கு 'நீ முன்னால் வராதே, பின்னால் பெருகு' என்று சொல்லிவிடுகிறது. முன்னால் ஒரு நுனி, பின்னால் நீளும் காம்பு. இது முளை விடுவதேதான். ஆய்வாளர்களும் முளை, நுனி, காம்பு என்ற பொருள் தரும் சொற்களையே பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை: பின்னால் வரும் செல்லைத் 'தண்டுச் செல்' என்று எழுதிவிடாதீர்கள், அந்தப் பெயர் ஸ்டெம் செல்லுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. காம்புச் செல் என்பதே பாதுகாப்பு.

காயம் பட்ட இடத்திலும் இதே கதைதான். குருதித் தட்டுகள் வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன, சில நாளில் ஆறும் புண்ணின் அடியில் சிவப்பாக, மணிமணியாக ஒரு திசு தெரியும். அந்தச் சிவப்பு, புதிதாக முளைத்த தந்துகிகளின் சிவப்பு. புண் ஆறிய பிறகு அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிடும், தழும்பு வெளுப்பது அதனால்தான். நிலைக்க வேண்டிய குழாய்களுக்கோ பி.டி.ஜி.எஃப். என்ற காரணி சுற்றுச் செல்களை அழைத்து வந்து வெளியே தாங்கலாக நிறுத்துகிறது.

புற்றுக்கட்டியும் வளர்வதற்குத் தனக்கென்று குழாய்களை முளைக்கவைக்கிறது என்று ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1971-இல் எழுதினார். 2004-இல் வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்த வகை மருந்தை 'உருவாக்கத் தடுப்பி' என்றால் எதன் உருவாக்கம் என்று கேட்கத் தோன்றும். 'முளைப்புத் தடுப்பி' என்றால் மருந்து எங்கே கை வைக்கிறது என்பதே பெயரில் தெரிகிறது.

செல்கள் பேசிக்கொள்ளும் இந்த முறைக்குச் சமிக்ஞை என்கிறார்கள். மின்னணுவியலில் நன்றாக வேரூன்றிய 'குறிகை' இங்கேயும் சரியாக உட்காரும்: மூலக்கூற்றுக் குறிகை.

சரி, என் பரிந்துரை இதுதான். ஆஞ்சியோஜெனிசிஸ் என்பதற்குக் கலன்முளைப்பு. வாஸ்குலோஜெனிசிஸ் என்பதற்குக் கலன்தோற்றம். ஒரு விதிவிலக்கு உண்டு, சில இடங்களில் முளை எதுவும் விடாமல், இருக்கும் குழாயின் உள்ளேயே தூண் போல ஒரு திசு எழும்பி அதை இரண்டாகப் பிரிக்கிறது. அதையும் ஆஞ்சியோஜெனிசிஸ் என்ற குடைக்குள்தான் வைக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் கலன்பிளவு என்று தனியாகச் சொல்லிவிடலாம்.