விடுதிக் கூரையில் விழும் மழைக்கும் சட்டம் உண்டு

வட இலங்கையின் வன்னிக்குப் படிக்க வரும் பிள்ளை முதல் மாதத்திலேயே கண்டுகொள்வது, கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைத்தான். கிணற்று நீர் அவ்வளவு கடினம். வவுனியாவில் பல இடங்களில் புளோரைட்டும் மிகுதி. சிறுநீரக நோய் பரவிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் பல்கலைக்கழக வளாகங்கள் உள்ள பம்பைமடுவிலோ அறிவியல்நகரிலோ மாணவர் விடுதி கட்டும்போது மழைநீர்த் தாங்கியை வெறும் அலங்காரமாக எண்ணக் கூடாது என்கிறேன்.

நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 2007இல் திருத்தப்பட்டபோது மழைநீர் சேகரிப்பும் அதில் சேர்ந்தது. அச்சபை பிரகடனப்படுத்திய பகுதிக்குள் புதுக் கட்டடம் எழுப்புவோர் அதற்கான ஏற்பாட்டை வரைபடத்திலேயே காட்ட வேண்டும். வளாகத்தைச் சுற்றி மாணவருக்கென மாடி எழுப்பி வாடகைக்கு விடுவோரும் இதை மறந்துவிடக் கூடாது. உங்கள் காணி அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதைப் பிரதேச சபையில் கேட்டறியலாம். வராவிட்டாலும் தாங்கி கட்டுங்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். மாரி மழையை 600 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைப்போம். 500 சதுர மீற்றர் கூரைக்கு 3 இலட்சம் லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2 இலட்சத்து 40 ஆயிரம் மிஞ்சும். அத்தனையையும் தேக்கப் பெருந்தாங்கி தேவை. சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டும் என்று ஒதுக்கினால் சிறிய தாங்கியே கோடை வரை கைகொடுக்கும். குடிக்குமுன் கொதிக்க வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு, 2016இல் தொடங்கிய சூரியபல சங்கிராமம் என்ற கூரைச் சூரிய மின் திட்டத்தின் நிகர அளவீட்டு முறை விடுதிக்கு நன்றாகப் பொருந்தும். பகலில் பிள்ளைகள் விரிவுரையில் இருப்பார்கள். கூரையிலுள்ள சூரியத் தகடுகள் உண்டாக்கும் மின் அலகுகள் மின்வலையமைப்புக்குப் போய் வரவில் சேரும். இரவில் மின்விசிறி சுழலும்போது அவை கழிக்கப்படும். மிஞ்சும் அலகுகள் அடுத்த மாதத்துக்குப் போகும், பணமாகக் கிடைக்காது.

நான் பார்த்த ஒரு விடுதியில் தாங்கி இருந்தது, ஆனால் பீலி பாதியில் அறுந்து தொங்கியது. மழை முழுவதும் முற்றத்து மண்ணை அரித்துக்கொண்டு ஓடியது. பீலியைச் சரிபார்த்து, சருகு அள்ளி, தாங்கி வாயின் நுளம்பு வலையை மாற்றும் வேலையைச் செப்டெம்பரிலேயே முடித்துவிடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்ட பிறகே தாங்கிக்குத் திருப்ப வேண்டும்.