வேற்றுமுகம் பார்க்கும் வயது

கோடை விடுமுறை வந்தால் காரைக்குடியில் என்னிடம் பிள்ளையைத் தூக்கி வருகிறவர்களில் பலரும் சொல்வது இதுதான்: "சென்னையில் நன்றாகத்தான் இருந்தாள் டாக்டர். இங்கே யார் தூக்கினாலும் வீறிடுகிறாள்." பிள்ளைக்கு எட்டு, ஒன்பது மாதம் இருக்கும். வளவு நிறையச் சொந்தம், ஆளாளுக்குக் கைமாற்றிக் கொஞ்சியிருப்பார்கள். ஆச்சிமார் கண்ணேறு என்பார்கள். "ஒட்டவிடாமல் வளர்த்திருக்கிறாள்" என்ற பேச்சில் தாயின் முகம் சுண்டிப்போயிருக்கும்.

தாய்மேல் ஒரு குற்றமும் இல்லை. இது பிள்ளையின் நினைவாற்றல் வளர்ந்ததன் அடையாளம். அமெரிக்க உளவியலாளர் கேரோலின் ரோவி-கோலியர், தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையைக் குழந்தையின் காலோடு நாடாவால் இணைத்துப் பார்த்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும் என்பதை மூன்று மாதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வாரமும், ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரமும் நினைவில் வைத்திருந்தன. எட்டு மாத வாக்கில், கண்ணுக்குத் தெரியாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்பது புரியத் தொடங்குகிறது. அதனால்தான் தேடல், அதனால்தான் அழுகை.

எவ்வளவு அழுதது என்பதைவிட, அம்மா திரும்பியதும் எப்படி அடங்குகிறது என்பதையே நான் கவனிப்பேன். தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் தம் ஆய்வில் முக்கியமாகப் பார்த்ததும் அதைத்தான். மருந்து வாங்கிவிட்டு அம்மா உள்ளே வந்ததும், ஒரு பிள்ளை தோளில் முகம் புதைத்து விசும்பும். சற்று நேரத்தில் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிணைப்பு உறுதியாக இருக்கிறது. அப்பத்தாவோ ஆயாவோ நாள்தோறும் வளர்த்தால் அவர்களோடும் அதே பிணைப்பு உண்டாகும். தாய் வேலைக்குப் போவதால் அது அறுந்துவிடாது.

பிள்ளை அசந்த நேரம் பார்த்து வீட்டின் இரண்டாம் கட்டு வழியாக நழுவும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். "மூன்று வயதுக்கு முந்தியது நினைவிலா நிற்கப்போகிறது?" என்கிறார்கள். நிகழ்ச்சிகள் நிற்காது, உண்மைதான். ஆனால் அழுதால் ஆள் வரும், போனவர் திரும்புவார் என்கிற எதிர்பார்ப்பு நாள்தோறும் பழகிப் பழகியே படிகிறது. சொல்லிவிட்டுப் போங்கள், அழட்டும், அப்பத்தா அணைத்துக்கொள்வார். புதியவர்கள் உடனே தூக்காமல், தாய் மடியில் இருக்கும்போதே பேச்சுக் கொடுக்கட்டும்.

அழாத பிள்ளை எல்லாம் கவலைக்குரியதும் அல்ல; இயல்பு ஆளுக்கு ஆள் மாறும். ஆறு மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமலோ, ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பாமலோ இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.